மூட்டையில் இருப்பதை டப்பாவில் தேடுகிறார்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். சென்ற மாதம் என் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

என் மருமகள் தபாலில் வரவழைத்த ஓர் அழகான அட்டைப்பெட்டி மேசை மேல் இருந்தது. 'மூலிகைக் குளியல் பொடி, 100 கிராம்.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ. ஐந்தும் என் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சரக்கு. பெட்டியில் அச்சிட்ட விலைக்கு அதே சாமான்களை முக்கால் கிலோவுக்குக் குறையாமல் எடை போட்டுக் கொடுத்திருப்பேன்.

"என்னம்மா, இதெல்லாம் நம்ம கடைச் சரக்குதானே?" என்றேன்.

"அப்படியா மாமா? நம்ம கடையில இதெல்லாம் விக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

மளிகை வியாபாரி வீட்டு மருமகளுக்கே தெரியவில்லை என்றால், தெருவில் போகும் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அவளைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. குறை நம்முடையது.

இன்று எங்கு பார்த்தாலும் இயற்கை வாழ்க்கை என்ற பேச்சு. ரசாயனம் குறைந்த சோப்பு வேண்டும், கலப்படமில்லாத மசாலா வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம் என்று மக்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இயற்கை என்றாலே விலை அதிகம், அது வசதி படைத்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணமும் கூடவே பரவிவிட்டது. நம் மூட்டைகளில் இருப்பதுதான் அந்த இயற்கை. அதைக் குறைந்த செலவில் கொடுக்கக்கூடிய இடம் பெரிய கண்ணாடிக் கடை அல்ல, தெருமுனை மளிகைக் கடைதான். அந்த இடத்தை நாம் நம் கையாலேயே விட்டுக்கொடுத்தோம் என்பது என் கருத்து.

எப்படி விட்டோம்? சாஷே என்னும் சிறு பொட்டலத்தில் ஷாம்பு அடைத்து விற்க வழிகாட்டியவர் நம் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். அதன் பிறகுதான் பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில் வந்தன. சீயக்காயை ஷாம்பு தோற்கடித்தது என்று நாம் பேசிக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. சீயக்காயைத் தோற்கடித்தது சிறு அளவு. அன்றாடக் கூலி வாங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதை ஒரு நாள் காசுக்கு அவர்கள் கொடுத்தார்கள். அதே காலத்தில் நாம் என்ன செய்தோம்? "கால் கிலோவுக்குக் குறைந்து போடுவதில்லை" என்றோம்.

இதை நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் சில்லறைப் பிரிவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கட்டட வேலை முடித்து வந்த ஓர் அம்மாள் 50 கிராம் சீயக்காய் கேட்டார். கூட்டம் நெரிந்த நேரம். "அவ்வளவு குறைவாகப் போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினேன். அவர் ஒன்றும் பேசாமல், கல்லாவுக்கு மேல் சரமாகத் தொங்கிய ஷாம்புப் பொட்டலத்தில் இரண்டைக் கிழித்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனார். அந்தச் சரத்தை அங்கே தொங்கவிட்டவனும் நான்தான். சில ஆண்டுகளில் சீயக்காய் வரத்தையே நிறுத்திவிட்டேன். கேட்பாரில்லை என்று அப்போது காரணம் சொன்னேன். கேட்டவரைத் திருப்பி அனுப்பியது நினைவில் இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

வாடிக்கையாளரிடம் உண்மையான கணக்கைத்தான் சொல்ல வேண்டும். தலைக்குக் குளிக்கும் செலவை மட்டும் பார்த்தால், ஒரு ரூபாய்ப் பொட்டலத்தை விடச் சீயக்காய் மலிவு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, சோப்பு, பற்பசை ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆகவே சீயக்காயை விரும்பி வருகிறவருக்கு விற்போம். அரப்பும் அப்படியே. எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் இன்றும் அரப்புத்தான் கேட்கிறார்கள், அவர்களுக்கு வேறு எதுவும் ஒத்து வராது. மிச்சம் பிடிக்கலாம் என்று பொய்யாகச் சொல்லி விற்றால் ஒரு முறைதான் விற்கும்.

நிஜமான மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, மேலே சொன்ன குளியல் பொடி. அரை கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு 50 கிராம், ஆவாரம்பூ 50 கிராம், கொஞ்சம் வெட்டிவேர், விருப்பப்பட்டால் கஸ்தூரி மஞ்சள். வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தால் ஒரு சிறு குடும்பத்துக்குப் பல வாரம் வரும். பித்தளை, செம்புப் பாத்திரம் தேய்க்கப் பழம்புளியும் கல் உப்பும் போதும். விற்காமல் கறுத்துப் போன பழம்புளியை நாம் என்ன விலைக்குத் தள்ளுகிறோம் என்பது நமக்குத் தெரியும். அதையே 'பாத்திரப் புளி' என்று தனியாக எழுதி வையுங்கள், வாங்கிப் போவார்கள். பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் முற்றிய பீர்க்கங்கூடும் இருக்கும்போது பிளாஸ்டிக் நாருக்குத் தனியாகக் காசு கொடுப்பானேன்?

அரிசியில் வண்டு விழாமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும், பருப்பில் காய்ந்த மிளகாயும், சர்க்கரை டப்பாவில் எறும்புக்கு நாலு கிராம்பும் போடுவது நம் தாயார் காலத்துப் பழக்கம். மாதச் சாமான் வாங்குகிற ஒரு வீட்டில் இரண்டு கிலோ பருப்பு புழுத்துப் போனால் அந்த மாதக் கணக்கே உதைக்கும். செம்மண் கட்டி உடைத்த துவரம்பருப்பு ஏன் அதிக நாள் தாங்குகிறது என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லுங்கள். இதைச் சொல்ல டப்பாவுக்கு வாய் கிடையாது.

அடுத்தது மசாலா. இதில் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் 2011-ம் ஆண்டு விதிகளின்படி அரைத்த மசாலாத் தூளைப் பொட்டலம் கட்டாமல் உதிரியாக விற்கக் கூடாது. சமையல் எண்ணெய்க்கும் அப்படித்தான், மாநில அரசு விலக்கு அளித்தால் தவிர. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பலர் இறந்ததை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். எனவே எண்ணெயை உதிரியாக விற்கச் சொல்லி நான் எழுதவில்லை. முழுச் சரக்கைத்தான் சொல்கிறேன். முழு மல்லி, முழு மிளகாய், முழு மிளகு, விரலி மஞ்சள். தூளில் என்ன இருக்கிறது என்பது அரைத்தவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். முழுச் சரக்கை வாங்குகிறவர் கையால் அளைந்து பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம்.

முழுச் சரக்கிலும் மோசடி இல்லாமல் இல்லை. மிளகில் பப்பாளி விதை வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். மஞ்சளுக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் ஏற்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். ஈரோட்டு மஞ்சளை ஏலத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மெருகு எது, பூச்சு எது என்று தெரியும். உள்ளங்கையில் தேய்த்தால் மாவாக ஒட்டுகிற, அளவுக்கு மீறிப் பளபளக்கிற விரலியை விலை குறைவு என்பதற்காக நான் எடுப்பதில்லை. இதனால் சில வாடிக்கையாளர்கள் "உங்க மஞ்சள் மங்கலா இருக்கு" என்று சொல்லிப் போனதும் உண்டு. போகட்டும்.

பருப்பு, அரிசி விஷயத்தில் உதிரி விற்பனைக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அப்போது நாடு முழுவதும் வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தோம். ஆனால் மூட்டையைப் பிரித்து வாடிக்கையாளர் கண் முன் எடை போட்டுக் கொடுப்பதற்கு அந்த வரி இல்லை. மாதம் பத்துக் கிலோ பருப்பும் ஐம்பது கிலோ அரிசியும் வாங்குகிற பெரிய குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

பொட்டலம் கட்டுவதில் நமக்கு ஒரு சங்கடம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. பழைய செய்தித்தாளில் உணவுப் பொருளைக் கட்டுவதும் கூடாது, அச்சு மையில் உள்ள ரசாயனம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அச்சில்லாத காக்கித்தாளில் கட்ட வேண்டும். அல்லது டப்பா கொண்டு வருகிறவருக்கு டப்பாவை முதலில் எடை போட்டுக் கழித்துக் கொடுக்க வேண்டும். என் கடைப் பையன்களில் ஒருவனுக்கும் கூம்புப் பொட்டலம் மடித்து நூல் சுற்றத் தெரியவில்லை. என் தகப்பனார் ஒரு கையால் தாளைச் சுருட்டி, மறு கையால் சரக்கைப் போட்டு, பல்லால் நூலை அறுத்து நிமிடத்துக்கு எத்தனையோ பொட்டலம் கட்டுவார். பல்லால் அறுப்பதை இந்தக் காலத்தில் விட்டுவிடலாம், மற்றதைக் கற்றுக்கொடுக்கிறேன்.

நம்மவர்கள் சிலருக்கு ஓர் எச்சரிக்கை. மூலிகைச் சரக்கு விற்கிறோம் என்றதும் வைத்தியர் ஆகிவிடாதீர்கள். 'சர்க்கரை நோய் தீரும்', 'முடி கொட்டாது' என்றெல்லாம் அட்டையில் எழுதித் தொங்கவிட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன். நோயைத் தீர்ப்பதாகத் தவறான விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மத்திய சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்பி வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டு வெந்தயத்தை மட்டும் தின்றால் அந்தப் பாவம் யாருக்கு? வெந்தயத்தை வெந்தயம் என்று விற்போம்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கிராமத்துக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காரியம் செய்தார். சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு எல்லாவற்றையும் அளவாக எடுத்துக் காக்கித்தாள் பையில் போட்டு 'சீயக்காய் செட்' என்று பேனாவால் எழுதி வைத்தார். அரைப்பது வாங்குகிறவர் பொறுப்பு. சீயக்காய்க்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில் எது என்றும் அவரே சொல்லி அனுப்பினார். இல்லாவிட்டால் அடுத்து மாவு அரைக்க வந்தவர்கள் எல்லாம் தும்மியே போவார்கள். பெரிய செட் ஒன்று, சிறிய செட் ஒன்று. தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர் மறுபடி மறுபடி சரக்குக் கேட்டுப் போன் செய்தபோதுதான், நான் நிறுத்திய வரத்தை மீண்டும் தொடங்கினேன். சின்னக் கடைக்காரர் மொத்த வியாபாரிக்குப் பாடம் சொன்ன கதை இது.

தை பிறந்தால் கொல்லிமலை, கல்வராயன் மலைப் பக்கங்களிலிருந்து புதுச் சீயக்காய் இறங்கத் தொடங்கும். வாங்கும்போது காயை ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, கிடங்கில் பூசணம் பிடிக்கும். 50 கிராம் கேட்கிறவருக்கும் போட்டுக் கொடுக்க ஒரு சிறு தராசு வேண்டும். பெரிய மின்தராசில் 50 கிராமைப் போட்டால் சரியாகக் காட்டாது, அதில் நஷ்டம் நமக்காகவும் இருக்கலாம், அவருக்காகவும் இருக்கலாம். என்னுடையதை முத்திரையிடக் கொடுத்திருக்கிறேன், வருகிற வாரம் வந்துவிடும்.