மீத்திறன் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

சித்தூரில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று எட்டாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறது என்று தெரிந்துவிட்டால், சுற்றத்தார் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "திருப்பதியில் சேர்த்துவிடுங்கள்." இங்கே திருப்பதி என்பது கோயிலைக் குறிப்பதன்று, ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு அடித்தளமிடும் விடுதிப் பள்ளிகளைக் குறிப்பது. பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. வகுப்பில் சலித்துப்போகும் பிள்ளை குறும்பு செய்யும். அல்லது, இதுவே கொடியது, தன் திறமையை மறைத்துக்கொள்ளப் பழகும்.

ஆயினும் அந்தப் பள்ளிகள் தருவது வேகம் மட்டுமே. பதினோராம் வகுப்புப் பாடம் எட்டாம் வகுப்பில் வந்துவிடுகிறது; கேள்வியின் தன்மை மாறுவதில்லை. "ஏன் இப்படி?" என்று கேட்கும் பிள்ளை அங்கே நேரத்தை வீணாக்கும் பிள்ளை.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அத்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. மேதை எப்படியும் மேலே வந்துவிடுவான் என்ற ஆறுதலைப் பலர் இதிலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். அது தவறு. ஒரு பாடத்தில் உச்சியிலும் மற்றொன்றில் அடிவாரத்திலும் நிற்பவருக்கு ஒரே வகுப்பு எண் பொருந்தாது என்பதுதான் அங்கே தெரிவது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கணித அறிஞர் டெரன்ஸ் டாவோ ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குச் சென்றபோதும், பிற பாடங்களைப் பள்ளியிலேயே படித்தார்.

அதற்கு அடிலெய்டு வரை போக வேண்டியதில்லை. அண்மைக்காலம் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிவேலி நிறுவனத்தார் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினர். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படும். படிக்கு ஏற்ற அட்டைகள் இருக்கும். சுவரிலுள்ள ஏணிப் படத்தில் தன் இடத்தைப் பார்த்துக் குழந்தையே அட்டையை எடுத்துக்கொள்ளும். மொழிக்கு ஓர் ஏணி, கணக்குக்கு வேறோர் ஏணி. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு ஊக்கம் தந்தது இதுவே. ஏழைப் பிள்ளைகளுக்கென எழுந்த இம்முறை, தன் வயதுத் தோழரை விட்டுப் பிரியாமல் கணக்கில் மட்டும் விரைந்தேற வேண்டிய பிள்ளைக்கும் அப்படியே பொருந்துகிறது. குறை ஒன்றுதான்: தொடக்கப்பள்ளியோடு அட்டைகள் தீர்ந்துவிடும்.

அதற்குமேல் தேவைப்படுவது ஓர் ஆள். 2015-இல் தொடங்கிய ஐஐடியும் ஐசரும் திருப்பதியில் உள்ளன. வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. மாதம் இரண்டு சனிக்கிழமை பேருந்தேறிப் போய், பொறுமையுள்ள ஓர் ஆய்வு மாணவரிடம் பேசிவரும் பிள்ளை, விடுதியில் ஓராண்டில் பெறாததைப் பெறும்.

கணிதம்தான் திறமை என்பதும் இல்லை. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் சித்தூர்ப் பிள்ளை, "அவள் வந்தாள், அது வந்தது என்று தமிழில் இரண்டாக இருப்பது தெலுங்கில் மட்டும் ஏன் 'வச்சிந்தி' என்று ஒன்றாகிறது?" என்று கேட்கக்கூடும். பன்மையில் பெண்கள் அஃறிணையை விட்டு ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிவிடுவதையும் அது கண்டுபிடிக்கலாம். இத்தகைய பிள்ளைகளுக்கென்றே பாணினி மொழியியல் ஒலிம்பியாட் நடக்கிறது. அறியாத மொழியின் சில தொடர்களையும் பொருளையும் கொடுத்து விதியைக் காணச் சொல்வார்கள், முன்னறிவு வேண்டியதில்லை.

பள்ளி பார்க்கச் செல்லும் பெற்றோர் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டுவிட்டுத் திரும்புகின்றனர். அவர்கள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு: "ஜூனில் சேர்ந்த பிள்ளை இந்த ஆண்டுக் கணக்கை ஆகஸ்டில் முடித்துவிட்டால், செப்டம்பரில் என்ன கொடுப்பீர்கள்?"