காசோலையின் பின்னால் கையொப்பமிடுமுன்...

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எவரைக் கேட்டாலும், ஒருவர் தந்த காசோலையைத் தன் கடனுக்காக இன்னொருவரிடம் கொடுப்பது சாதாரண விடயம் என்றே சொல்வார். ஒரே காசோலை மூன்று, நான்கு கடைகள் மாறி, பின்புறம் கையொப்பங்களால் நிறைந்து போவதும் உண்டு. காசு தட்டுப்பாடான நேரத்தில் இது வியாபாரத்தை ஓட்ட உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கையொப்பம் நம்மை எதில் மாட்டிவிடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

இலங்கையில் காசோலைக்கான அடிப்படைச் சட்டம் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமாகும். காசோலை திரும்பினால், அதை எழுதியவர் மட்டுமன்றி, பின்புறம் ஒப்பமிட்டுக் கைமாற்றியவரும் அப்பணத்துக்குப் பொறுப்பாளியாவார். உதாரணமாக, ஒரு சில்லறைக் கடைக்காரர் உங்கள் பெயருக்குத் தந்த 2 இலட்சம் ரூபா காசோலையில் ஒப்பமிட்டு அரிசி ஆலைக்காரரிடம் கொடுக்கிறீர்கள். அது திரும்பினால் அவர் உங்களிடமே வருவார். "அது என் காசோலை அல்லவே" என்று சொல்லித் தப்ப முடியாது. அதேபோல, நீங்கள் ஆலைக்காரரின் இடத்தில் இருந்தால், காசோலை திரும்பிய செய்தியை ஒப்பமிட்டவருக்குத் தாமதமின்றி எழுத்தில் அறிவியுங்கள். தாமதித்தால் அவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடலாம்.

வெறும் கையொப்பம் மட்டும் இட்டால், அந்தக் காசோலை கொண்டுவருபவருக்குரியதாக மாறிவிடும். வழியில் தொலைந்தால் எடுத்தவர் கைக்குப் போகும். எனவே "இன்னாருக்குச் செலுத்துக" என்று பெயரை எழுதி, அதன் கீழ் ஒப்பமிடுவதே பாதுகாப்பு.

முன்புறக் குறியீடுகளிலும் குழப்பம் அதிகம். இரண்டு குறுக்குக் கோடுகள் மட்டும் இருந்தால், கருமபீடத்தில் காசு தரமாட்டார்கள். ஒரு வங்கிக் கணக்கின் ஊடாகவே பெறலாம் என்பதே பொருள். அது கைமாறுவதைத் தடுக்காது. கோடுகளுக்கிடையே "கைமாற்றத்தகாதது" என்று எழுதினாலும் காசோலை கைமாறலாம். ஆனால் வாங்குபவருக்கு, கொடுத்தவருக்கு இருந்ததை விடக் கூடிய உரிமை கிடைக்காது. கொடுத்தவர் அதைத் திருடியிருந்தால், நீங்கள் நல்லெண்ணத்துடன் சரக்குக் கொடுத்து வாங்கியிருந்தாலும் உங்களுக்கு உரிமை இல்லை. "பெறுநர் கணக்கிற்கு மட்டும்" என்பது வங்கிக்கான எச்சரிக்கை. அதை மீறி வேறு கணக்கில் வரவு வைக்கும் வங்கி, அதன் பொறுப்பைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறது. ஆகவே அப்படியான காசோலையை மூன்றாம் நபரிடமிருந்து வாங்காதீர்கள். நீங்கள் எழுதும்போதோ, "கொண்டுவருபவருக்கு" என்ற சொல்லை வெட்டிவிட மறக்காதீர்கள்.

வெளியார் காசோலையைக் காசாக எண்ணும் பழக்கத்தை, பெரிய தொகைகளிலாவது நாம் விட்டுவிட வேண்டும் என்பதே எமது கருத்து. வாடிக்கையாளரிடம் உங்கள் பெயருக்கே அவரது சொந்தக் காசோலையைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வாங்கியேயாக வேண்டிய நிலை வந்தால், காசோலை இலக்கத்தையும் தந்தவர் பெயரையும் கொப்பியில் குறித்து வையுங்கள்.

நம் வியாபாரம் நாணயத்தில் நிற்பது. யாரோ ஒருவரின் வெற்றுக் கணக்குக்கு நம் கையொப்பத்தை ஈடு வைத்து அந்த நாணயத்தை இழக்கலாமா?