கோட்டேப் பாராளுமன்றம்: அழகான மண்டபமும் எமது கணக்கும்

கோட்டேயில் தியவன்னா ஓயாவின் நடுவே நிற்கும் பாராளுமன்றம், நவீன கட்டடக்கலை பற்றிப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடும் கட்டடங்களில் ஒன்று. 1979 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு அதை வடிவமைக்கும் பொறுப்பை ஜெப்ரி பாவாவிடம் கொடுத்தது. சதுப்பு நிலம் ஏரியாக்கப்பட்டது. ஜப்பானிய நிறுவனமொன்று கட்டியது. 1982 ஏப்ரல் 29 இல் திறந்தார்கள்.

அண்மையில் பொதுமக்கள் கலரியில் இருந்து ஓர் அமர்வைப் பார்த்தேன். வெளியே செப்புக் கூரைகள், நீர், வெளிச்சம். உள்ளே கூடாரம்போல் இறங்கும் பளபளப்பான உட்கூரை. எதிரெதிரே ஆசனங்கள். தமிழில் ஓர் உறுப்பினர் எழுந்து பேச, சிலர் மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் வைத்தார்கள். அழகான மண்டபம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் எங்களுக்கு அந்தக் கட்டடத்தின் வயதை இன்னொரு திகதியோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அது திறக்கப்படுவதற்குப் 11 மாதங்களுக்கு முன்னர்தான் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. திறப்பு விழாவின்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அ. அமிர்தலிங்கம். அடுத்த ஆண்டே, கறுப்பு ஜூலை நடந்து சில நாட்களில், 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் அதே மண்டபத்தில் நிறைவேறியது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள்.

1987 நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆவது திருத்தமும் அங்கேயே நிறைவேறியது. 1977 இல் வடக்கு கிழக்கு மக்களின் பெரும் ஆணையைப் பெற்ற கூட்டணி அப்போது சபையில் இல்லை. எமக்கான தீர்வு என்று சொல்லப்பட்டது, நாம் தெரிவுசெய்தவர்கள் இல்லாமலே எழுதப்பட்டது. அதன் பலவீனம் அங்கிருந்தே தொடங்குகிறது.

அந்தத் தீர்வின் இன்றைய நிலை என்ன? வடக்கு மாகாண சபைக்கு 2013 இல் ஒரேயொரு தடவைதான் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றியதும் இந்தச் சபை. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் நிராகரித்ததும் இதே சபை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் முடியவில்லை. ஆளுநர்களே மாகாணங்களை நடத்துகிறார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கப் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண பெரும்பான்மையில் ஒரு சட்டத்திருத்தம் போதும். 2024 நவம்பரில் 225 இல் 159 ஆசனங்களை வென்ற அரசுக்கு அது கடினமான வேலையே அல்ல. யாழ்ப்பாண மாவட்டத்திலும் மூன்று ஆசனங்களை மக்கள் அந்த அரசுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பாவாவின் சுவர்களில் குற்றமில்லை. அங்கே எண்ணப்படும் கைகளைத்தான் நாம் கேட்க வேண்டும். நாங்கள் அனுப்பியவர்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: தேர்தலுக்கான திகதியை எப்போது வாங்கித் தருவீர்கள்?