பிள்ளைக்கு வரவில்லையா, சொல்லித்தர வரவில்லையா?

எர்ணாவூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். அவள் விரலைக் கவனித்தேன். வாய் மூன்றாவது வரியில், விரல் ஐந்தாவது வரியில். புத்தகத்தை மூடிவிட்டு, அதே பாடத்திலிருந்து ஒரு வார்த்தையைத் தனித்தாளில் எழுதிக் காட்டினேன். முழித்தாள். "மிஸ் படிக்கிறதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சுக்கா" என்றாள்.

அவள் அம்மா ஒரு கண்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் பேசினேன். கிடைத்த பதில்: "அந்த ஏரியா பசங்களுக்கு இங்கிலீஷ் வராதுங்க. வீட்ல யாரும் படிக்கலையே."

'ஏரியா' என்ற சொல்லுக்குள் எந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பது உண்மைதான். அதனால்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்? ஆசிரியர் சரியாகச் சொல்லித்தராவிட்டாலும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவோ டியூஷனோ ஈடுகட்டிவிடும். எங்கள் பிள்ளைக்கு அந்த ஒரு பீரியட்தான் எல்லாம். ஆகவே, வாசிக்கச் சொல்லித்தரத் தெரியாத வகுப்பறை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. அது சாதி பார்த்துத்தான் பாதிக்கிறது.

ஆனால் அந்த ஆசிரியையைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் அதிகாரிகள் தப்பித்துவிடுவார்கள். அவரே சொன்னார்: பதினைந்து வருட சர்வீஸில் எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்க எப்படிச் சொல்லித்தருவது என்று ஒருவரும் வகுப்பில் செய்துகாட்டியதில்லை.

தமிழில் ப, ட, ம் என்று சேர்த்தால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எத்தனை முறை கூவினாலும் 'கேட்' வராது. 'பட்', 'புட்' இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே எழுத்து. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒலிகளைச் சேர்க்கப் பழக்க வேண்டும். வாசித்தது புரிந்ததா என்று கேட்க வேண்டும். இது தொழில் நுணுக்கம். பி.எட். பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடாது. வகுப்பில் செய்து பார்க்க வேண்டும், தவறும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்த வேண்டும்.

நம் அரசுகள் செய்வது என்ன? 1950களின் இறுதியில், சென்னை மாகாணத்தில் தொடக்கநிலை ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் இயக்கம் தொடங்கியது. ஆங்கிலம் கற்பித்தல் உலகில் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். மேலே சிலருக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்த அடுக்குக்கு, அது அதற்கடுத்த அடுக்குக்கு. பனிப்பந்து உருள உருளப் பெரிதாகுமாம். நம் ஊர் வெயிலில் அது கீழே வருவதற்குள் கரைந்துவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை போலும்!

அறுபது ஆண்டுகள் தாண்டியும் பந்து உருண்டுகொண்டே இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது, அதற்கும் பயிற்சி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பலகை மாறியது, வகுப்புக்குள் நின்றது அதே ஆசிரியர்கள். 2022 ஜூனில் புழல் பக்கத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது. 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. நல்ல இலக்கு. ஆண்டு போய்விட்டது. வகுப்பறைக்கு வந்து ஆசிரியருக்குக் கைகொடுக்க வேண்டிய வட்டார வளமையப் பயிற்றுநர்களோ புள்ளிவிவரம் திரட்டுவதில் முழுகிக் கிடக்கிறார்கள். எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்ற கணக்கு பத்திரமாக இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள் என்று பள்ளிவாரியாக நம்மிடம் சொல்ல யாருக்கும் மனமில்லை.

"தமிழ் இருக்க ஆங்கிலம் எதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணூரில் புதிய ஆலையோ மின்நிலையமோ வருகிறதென்றால், நூற்றுக்கணக்கான பக்கங்களில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வரும். முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் சுருக்கம் மட்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நம் ஆட்கள் அந்தச் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். முழு அறிக்கையும் தமிழில் வேண்டும் என்று போராடுவோம். அதுவரை, 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியாவைச் சுவாசித்த வீடுகளின் பிள்ளைகள், என்ன வாயு, எவ்வளவு என்று தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நாம் கேட்பது மூன்று. பயிற்சியை மண்டபத்திலிருந்து வகுப்பறைக்கு மாற்றுங்கள். பயிற்றுநர்களைப் புள்ளிவிவர வேலையிலிருந்து விடுவித்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். வாசிக்கும் பிள்ளைகளின் கணக்கை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படப் பள்ளிவாரியாக வெளியிடுங்கள்.

பெற்றோரே, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் உங்களுடையது. அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத ஐந்து வரியை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க முடியவில்லையென்றால் பிள்ளையைப் பார்க்காதீர்கள். தலைமையாசிரியரையும் கல்வி அலுவலரையும் பார்த்துக் கேளுங்கள்: சொல்லித்தர எங்கள் ஆசிரியருக்கு யார் சொல்லிக்கொடுத்தீர்கள்?