கண்ணைப் பாத்து நில்லு

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது கனகம்மாசத்திரம். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரலில் ஆந்திராவிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை எது என்று பெரிய போராட்டமே நடந்தது, மத்தியஸ்தம் நடந்தது, சட்டம் வந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவுல கிடக்கிற எல்லைக்கு மட்டும் எந்த மத்தியஸ்தரும் வரல.

இந்தப் பக்கத்துக் காலனி ஒன்றின் சமுதாயக் கூடத்தில் இளைஞர் மன்றம் சார்பாக நான் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித் தருகிறேன். வாரத்தில் மூணு சாயங்காலம். மூணாவது படிக்கிறதிலிருந்து ஒம்பதாவது படிக்கிறது வரைக்கும் இருபத்திரண்டு பிள்ளைகள். சிமெண்டுத் தரை, ஒரு டியூப் லைட்டு. காசு கிடையாது. இந்த வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது எங்க காலனிச் சண்டை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

பெரியவங்க சொல்றது இது: "ஏற்கெனவே நம்ம பசங்கன்னா ஸ்டேஷன்ல ஒரு கண்ணு. நீ கராத்தே வேற கத்துக்குடுத்தா, எவன் எங்க அடிச்சிகினாலும் நம்ம பையனத்தான் இட்டுகினு போவான்."

வாலிபப் பசங்க சொல்றது வேற: "எதுக்குண்ணா குனிஞ்சி வணக்கம் வைக்கறது, வரிசையில நிக்கறது? நாலு அடி சொல்லிக்குடு. வாங்குனத திருப்பிக் குடுத்துட்டு வந்துடறோம்."

ரெண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பெரியவர்களின் பயம் அனுபவத்தில் விளைந்தது. வாலிபர்களின் கோபமும் அப்படித்தான். ஆனால் ரெண்டு பேரும் கராத்தே என்றால் அடி என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். வகுப்பில் நான் பார்த்தது வேறு.

முதல் நாள் பிள்ளைகளை எதிரெதிரா நிறுத்தி, "எதிர்ல நிக்கிறவன் கண்ணைப் பாரு" என்றேன். ஒருத்தனாலும் முடியல. சிலது தரையைப் பார்த்தது, சிலது சிரிச்சிகினே முகத்தைத் திருப்பியது. அன்னிக்கு அவர்களை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எதிரில் நின்றதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். அப்புறம் ஏன்? எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். "ஊர்க்காரங்க எதிர்ல வந்தா ஓரமா நில்லு, ஏறிட்டுப் பாக்காத" என்று எங்க ஆயா சொல்லும். அது எங்க ஆயாவின் குற்றம் இல்லை. உயிர் பிழைக்கிறதுக்குக் கண்டுபிடித்த தற்காப்பு அது. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் தெரிந்த தற்காப்புக் கலை அது ஒண்ணுதான். முதுகை வளை, கண்ணைத் தாழ்த்து, குரலை அடக்கு. சாதி முதலில் எழுதுவது நம்ம உடம்பின் மேலதான். கூரை ஓட்டு வீடாகி, ஓடு தளமான பிறகும் அந்த எழுத்து அழியல.

ஆகவே முதல் ஒரு மாசம் நான் குத்தும் சொல்லித் தரவில்லை, உதையும் சொல்லித் தரவில்லை. நிற்கச் சொன்னேன். காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து நிற்க. அவ்வளவுதான்.

அடுத்தது சத்தம். அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்த வேண்டும். கியாய் என்பார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கத்த ஆரம்பித்த வாரத்திலேயே ஊர்ப் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள், "சாயங்காலத்துல சத்தம் ஜாஸ்தியா கீது" என்று. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கினு திருத்தணி போகிறவர்கள் ராத்திரியெல்லாம் அரோகரா போடுவார்கள், மேளம் அடிப்பார்கள். அது யார் தூக்கத்தையும் கெடுத்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. எட்டு வயசுப் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கெடுத்துவிட்டது! நாங்கள் வகுப்பை நிறுத்தவில்லை. கதவையும் சாத்தவில்லை.

குனிந்து வணக்கம் வைப்பதைப் பற்றி வாலிபர்கள் கேட்டது நல்ல கேள்வி. குனியறது நம்ம சனத்துக்குப் புதுசா? புதுசு இல்லை. ஆனால் இதுவரைக்கும் நாம் குனிந்தோம், எதிராளி நிமிர்ந்தே நின்றான். இங்கே ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும். மூணாவது படிக்கிற பிள்ளைக்கு மாஸ்டரும் குனிய வேண்டும். திரும்பி வராத வணக்கம் அடிமைத்தனம், திரும்பி வருகிற வணக்கம் மரியாதை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

கராத்தே பிறந்த ஒகினாவா ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1609-இல் ஜப்பானின் சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து அடக்கினார்கள். 1879-இல் ஜப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1900-களின் தொடக்கத்தில் இட்டோசு அன்கோ அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டினார். அதே 1922-இல், மார்ச் 3-ஆம் தேதி, கியோட்டோவில் ஜப்பானின் தீண்டப்படாத புராக்கு மக்கள் கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். இறைச்சி, தோல் வேலை செய்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1871-இல் சட்டப்படி விடுதலை ஆகியும் இழிவு போகாததால் திரண்டவர்கள். கராத்தே டோக்கியோவுக்குப் போன வருஷமும், புராக்கு மக்கள் நிமிர்ந்த வருஷமும் ஒண்ணு.

ஆனால் இதை வைத்துக் கராத்தேயை விடுதலைக் கலை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டாளத்துக்கும் உதவும் என்று சொல்லித்தான் இட்டோசு 1908-இல் இதை அரசாங்கத்திடம் பரிந்துரைத்தார். ஒரே முஷ்டி பேரரசுக்கும் போகும், அடிமைக்கும் போகும். யார் கூடத்தில், யாருக்காக, எதோடு சேர்த்துச் சொல்லித் தருகிறோம் என்பதுதான் கேள்வி.

பெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து வாங்கி ஃபுனகோஷி 1924-இல் கராத்தேயில் கருப்புப் பெல்ட் கொடுத்தார். இன்னிக்கு ஊருக்கு ஊர் அது வியாபாரம். மஞ்சளுக்கு ஒரு தேர்வு, பச்சைக்கு ஒரு தேர்வு, ஒவ்வொண்ணுக்கும் கட்டணம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற அப்பன் ஆயி ரெண்டு நாள் கூலியை ஒரு துணிப் பட்டைக்கு எப்படிக் கொடுப்பார்கள்? எங்க மன்றத்தில் பெல்ட் கிடையாது. வெள்ளை உடுப்பும் கட்டாயம் இல்லை. படிநிலை இல்லாத சமூகம் வேண்டும் என்று பேசிக்கொண்டு பிள்ளைகளை நிற வாரியாக நிறுத்த எனக்கு மனசு வரல.

நிறம் என்றால் சும்மா இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று அது சொன்னது. எந்த நிறக் கயிறு என்பதில் சாதி தெரிகிறது. கயிறு கட்டுகிற பையனுக்கும் பதினைஞ்சு பதினாறு வயசுதான். அவனுக்கும் உடம்பைப் பற்றி ஒரு பாடம் வீட்டில் நடந்திருக்கிறது, நீ நிமிர்ந்தே நில்லு, எதிராளி குனியணும் என்று. எங்க கூடத்துக் கதவு திறந்திருப்பது அவனுக்கும் சேர்த்துத்தான். கயிற்றைக் கழட்டிட்டு வரட்டும். நம்ம பிள்ளை எதிரில் குனிந்து வணக்கம் வைக்கட்டும்.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒண்ணு. இருபத்திரண்டில் பெண் பிள்ளைகள் ஏழு பேர்தான். வயசுக்கு வந்ததும் ரெண்டு பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சாதி ஒழிப்பு பேசுகிற அண்ணன்மார் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. பீகாரில், பாட்னாவை அடுத்த தானாப்பூரில், சுதா வர்கீஸ் நடத்தும் நாரி குஞ்சன் அமைப்பு முசகர் சாதிப் பெண் பிள்ளைகளுக்கு விடுதி வைத்துப் படிப்போடு கராத்தேயும் சொல்லித் தந்தது. தலித்துகளிலேயே கடைசியில் தள்ளப்பட்ட சனம் அது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியல? அரசுப் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி நடக்கிறது, நல்லதுதான். ஆனால் அது மூணு மாசத் திட்டம். நிமிர்ந்து நிற்க மூணு மாசம் போதாது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஆறாவது படிக்கிற பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாஸ்டர், நைனா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிறப்ப நான் பிளாக் போடலாமா?" அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நம்மை அடிக்கிறவன் ஊர்த்தெருவில் மட்டும்தான் இருக்கிறான் என்று நினைத்துத்தானே நான் வகுப்பு ஆரம்பித்தேன்? "போடலாம்மா. ஆனா நீ ஒண்டியா போடாத" என்று சொன்னேன். 1098 என்ற எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த அம்மாவையும் நைனாவையும் மன்றத்தில் உட்கார வைத்துப் பேசினோம். பேச்சு இன்னும் முடியல.

திருப்பி அடிக்கணும் என்கிற தம்பிகளுக்குக் கடைசியாக ஒண்ணு. 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்த பிறகு நம் மக்களை ஆதிக்க சாதிக்காரர்கள் விரட்டி விரட்டி அடித்தார்கள். கூட்டத்தில் பட்டாளத்திலிருந்து வந்த மகர்கள் இருந்தார்கள். சண்டை தெரிந்தவர்கள். அம்பேத்கர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. அடக்கினார், வழக்குக்குப் போனார், அடித்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். டிசம்பரில் மறுபடி அதே மகாடில் கூடி மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். அடிக்கத் தெரியாதவன் அடிக்காமல் இருந்தால் அதுக்குப் பேர் பயம். அடிக்கத் தெரிந்தவன் அடக்கிக்கொண்டால் அது முடிவு. அந்த முடிவை எடுக்கிற சக்தி நம்ம பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.

ஸ்டேஷனுக்குப் பயப்படுகிற பெரியவர்களுக்கும் இதையே சொல்கிறேன். எங்க வகுப்பில் கடைசி அரை மணி நேரம் புத்தகம். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது, தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எதுவரைக்கும் என்று பெரிய பிள்ளைகள் வாசிக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கை தெரிந்து சட்டம் தெரியாதவனை இட்டுகினு போவது சுலபம். சட்டம் தெரிந்தவன், "என்னா கேஸு சார்?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பான்.

காலனிக்குக் காலனி சமுதாயக் கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும்தான் திறக்கிறார்கள். மாணவத் தோழர்களே, சாவியைக் கேட்டு வாங்குங்கள். கராத்தே தெரிந்தால் கராத்தே, சிலம்பம் தெரிந்தால் சிலம்பம், ரெண்டும் தெரியாவிட்டால் சட்டம் வாசியுங்கள், கணக்குச் சொல்லித் தாருங்கள். பெண் பிள்ளைகளை முதல் வரிசையில் நிறுத்துங்கள். காசு வாங்காதீர்கள்.

போன வாரம் புதுசா ஒரு பையன் சேர்ந்தான். எதிரில் நின்றவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த நாலாவது படிக்கிற பெண் சொல்லிவிட்டாள்: "ஏய், தரையில இன்னா கீது? கண்ணைப் பாத்து நில்லு."