முட்டுக்கோலும் கொழுகொம்பும்

இளங்கன்றுக்கு முட்டுக்கோல் நடுவர். அது வேரூன்றியதும் கோலைப் பிடுங்கிவிடுவர். முல்லைக்கோ கொழுகொம்பு என்றும் வேண்டும். தேர் ஈந்த பாரி, அதனைத் திருப்பித் தருமாறு முல்லைக்குத் தவணை குறித்தானில்லை. அரசு வழங்கும் உதவித்தொகைகளையும் இவ்வாறே இருவகையாகப் பகுத்துக் காணல் வேண்டும். "எவ்வுதவியும் சிலகாலமே நிற்க வேண்டும், இன்றேல் மக்கள் சோம்பேறிகளாவர்" எனப் பொதுப்பட உரைப்போர், கன்றையும் கொடியையும் ஒன்றென மயங்குவோர் ஆவர்.

சிங்கப்பூரின் பட்டறிவே இதற்குச் சான்று. 2020-இல் கொவிட்-19 பெருந்தொற்று வணிகத்தை முடக்கியபோது, நிறுவனங்களுக்கு ஊதிய உதவி வழங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில், உள்ளூர் ஊழியர் ஒவ்வொருவரின் மாத ஊதியத்திலும் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காட்டை அரசே ஏற்றது. 2021-ஆம் ஆண்டு ஊதியத்தோடு அவ்வுதவி முடிவுற்றது. நட்டதும் முறை, பிடுங்கியதும் முறை.

ஆனால், 2013-இல் மூன்றாண்டுக்கெனத் தொடங்கிய மற்றோர் உதவியின் கதை வேறு. முதலாளிகள் அளித்த ஊதிய உயர்வில் 40 விழுக்காட்டை அரசு ஏற்றது. 2015-உடன் முடிய வேண்டிய அத்திட்டம், முதலில் ஈராண்டும் பின்னர் மூன்றாண்டும் நீட்டிக்கப்பெற்றது. விழுக்காடு குறைக்கப்பட்டது மெய்யே. ஆயினும் முடிவு நாள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. நாள் தள்ளிப்போகும் என நம்பும் முதலாளி, தன் தொழிலின் திறனைப் பெருக்க ஏன் விரைவான்? பொதுமக்களின் வரிப்பணம் அவன் இலாபக் கணக்கில் நிலையான வரவாகிவிடாதோ?

குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளரின் நிலை இத்தகையதன்று. அவர்களுக்காக 2006-இல் தற்காலிகமாக அறிவிக்கப்பட்ட ஊக்கத்தொகை, 2007-இல் வேலைநலன் துணை வருமானம் என்னும் நிலையான திட்டமாயிற்று. அது நன்றே செய்யப்பட்டது. உழைத்து ஊதியம் பெறுவோருக்கே கிட்டும் உதவி சோம்பலை வளர்க்கும் என்பது எவ்வாறு பொருந்தும்? உணவங்காடியில் தட்டுக் கழுவும் அறுபது வயது அம்மையார், அடுத்த ஆண்டு நாற்பது வயதினராக மாறப்போவதில்லை. முதுமை பெருந்தொற்றன்று, வந்தபின் அது விலகுவதில்லை. விலகாத இடருக்கு விலகும் உதவி எங்ஙனம் மருந்தாகும்?

எனவே, உதவி தற்காலிகமானதா நிலையானதா என்னும் வினாவினும், அது யாருக்கு என்னும் வினாவே முந்தியது. சொற்போர் மேடையேறும் மாணவர் இதனை மறத்தலாகாது. வணிகருக்கு அளிக்கும் மானியம் பிறக்கும்போதே அதன் முடிவு நாளும் குறிக்கப்படட்டும். குறித்த நாளில் அது முடியட்டும். எளியோரின் கொழுகொம்பிலோ எவரும் கைவைக்க வேண்டா.