ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?

மாணவர்களே, பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்குப் போகும் பழைய கார்களில் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புக்கிட் புத்துஸ் மேட்டில் இயந்திரம் சூடேறினால் ரேடியேட்டரில் ஊற்றத்தான் அது. “காலையில் ஒரு போத்தல் ஊற்று, வண்டி ஓடும்” என்று வீட்டிலும் சொல்வார்கள். அவசரத்துக்கு அது சரி. அதையே தினசரி வழக்கமாக்குவது தவறு என்பது என் கருத்து.

ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், இயந்திரம் மூன்றும் சேர்ந்தது ஒரு மூடிய சுற்று. அதில் நீர் தினமும் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். வெறும் குழாய்நீரை ஊற்ற ஊற்ற, கூலண்டில் உள்ள துருத்தடுப்புப் பொருள் நீர்த்துப்போகும். உள்ளே துரு பிடிக்கும், கசிவும் வளரும்.

கசிவை எப்படித் தேடுவது? இரவில் காரின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். ஈரம் கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏர்கோன் ஓடினாலே காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும். அது நிறமற்ற நீர். கூலண்ட் பச்சை, சிவப்பு போன்ற நிறத்தில் இருக்கும், விரலில் வழுவழுக்கும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு.

அட்டை காய்ந்தே இருந்தால் இரண்டு சாத்தியங்கள் உண்டு.

ஒன்று, சூட்டில் மட்டும் கசிவது. ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கி வைக்கிறது. அதனால் நீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ் வரை தாங்கும். சில வெடிப்புகள் அந்த அழுத்தத்தில்தான் வாய் திறக்கும். கசிந்த நீர் உடனே ஆவியாகி, குழாய் இணைப்பிலோ வாட்டர் பம்ப் அடியிலோ காய்ந்த நிறக்கறையை விட்டுச் செல்லும். பட்டறையில் ஆறிய இயந்திரத்துக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

மற்றொன்று, ஹெட் கேஸ்கெட் பழுதாகி இயந்திரத்துக்குள்ளேயே கசிவது. இயந்திரம் சூடேறிய பின்னும் நிற்காத வெள்ளைப் புகையும், எண்ணெய் பால்போல் கலங்குவதும் அதன் அடையாளங்கள். எரிந்த வாயு கூலண்டில் கலக்கிறதா என்று அறிய புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். கரியமிலவாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள நிறங்காட்டியேதான்!

“சோதனைக்கெல்லாம் காசு ஏது?” என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தளர்ந்த குழாய்ப் பிடியை இறுக்குவது சின்னச் செலவு. நீர் வற்றி, அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் சம்பளமே போய்விடும். நீர் அடியோடு குறைந்தால் வெப்பமானியையும் நம்ப முடியாது. அதன் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நள்ளிரவில் பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வீட்டில் அந்த ஒரு கார்தான் இருக்கிறது என்றால், அது பாதி வழியில் நிற்கலாமா?

ஆகவே “ரேடியேட்டரை மாற்றிப் பார்ப்போம்” என்று பட்டறையில் சொன்னால், “முதலில் அழுத்தம் வைத்துப் பாருங்கள் அண்ணே” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஊகத்தைச் சோதித்த பிறகே முடிவு என்று வகுப்பில் படித்தது பட்டறைக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை: சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் குறைந்த நொடியில் நீர் கொதித்து முகத்தில் பீறிடும்.

நாளைக் காலை, இயந்திரம் ஆறியிருக்கும்போது, கூலண்ட் தொட்டியில் நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஒரு வாரம் தொடருங்கள். அப்பா அடுத்த முறை போத்தலை எடுக்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.